ஒரே சாட்சி போதாது

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் ஆஸ்பத்திரி ஊழியர் அனைவர் சார்பிலும் நன்றி கூறுகிறோம்.

நாங்கள் வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது நோயாளிகள் பலர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறார்கள். "ஐயரே, நல்ல கொழுப்பு நன்றாக இருக்கிறதாம். இனிப் பயமில்லையே?" என்று கேட்கிறார்கள். அந்த ஓர் எண்ணை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே டாக்டர்கள் தரும் விளக்கத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல்., ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்க உதவுகிறது. அது குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1977-இல் எடுத்துக்காட்டியது. அப்படியானால் மருந்தால் அதை உயர்த்திவிடலாமே என்று எண்ணினார்கள். டார்செட்ராபிப் என்னும் மருந்து அதை வெகுவாக உயர்த்தியது. கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. மருந்து உட்கொண்டவர்களிடையே மரணம் அதிகரித்ததால் 2006-இல் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. எண் உயர்ந்தது, உயிர் காக்கப்படவில்லை.

எச்.டி.எல். தனித்து நிற்பதில்லை. வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாமற்போகும்போது, கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை மிகுதியாக ரத்தத்தில் விடுகிறது. அது ஏற, எச்.டி.எல். இறங்குகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே ஏறுகின்றன. ஆகவே எச்.டி.எல். குறைவு பெரும்பாலும் உள்ளே நடக்கும் வேறொரு கேட்டுக்குச் சாட்சி. சாட்சியின் வார்த்தையை மாற்றினால் குற்றம் மறைந்துவிடாது.

ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் செய்ய மோசேயின் நியாயப்பிரமாணம் இடங்கொடுப்பதில்லை. வைத்தியத்திலும் அப்படியே. ஐந்து சாட்சிகளை விசாரிக்கிறார்கள். நம் இந்தியருக்கான அளவுகள் இவை:

இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
டிரைகிளிசரைடு: 150 அல்லது அதற்கு மேல்.
எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ்.
ரத்த அழுத்தம்: மேல் அளவு 130-ஐ அல்லது கீழ் அளவு 85-ஐ எட்டியிருத்தல்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100 அல்லது அதற்கு மேல்.

இவற்றில் மூன்று பொருந்தினால் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். கெட்ட கொழுப்பையும் புகைப்பழக்கத்தையும் தனியே விசாரிப்பார்கள். தினமும் நடப்பதும் எடையைக் குறைப்பதும் ஐந்தையும் சேர்த்தே சீர்ப்படுத்த உதவும். டாக்டர் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதிருங்கள்.

ஐந்தில் இரண்டுக்கு ரத்தமே எடுக்க வேண்டாம். ஓர் அளவுநாடாவும் பி.பி. கருவியும் இருந்தால், ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்திலேயே பார்த்துவிடலாம். மற்ற மூன்றுக்கும் ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். ஆனால் அந்தச் சோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமென்றால், ஏழை வராமலேயே இருந்துவிடுகிறார்; நெஞ்சுவலி வந்தபிறகே வருகிறார். உங்கள் காணிக்கை அவரை முன்னதாகவே அழைத்து வரட்டும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் சுகத்தோடே காப்பாராக. ஆமென்.