வெள்ளைப் பொடி, சிவப்புச் சேறு

(கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பத்திப் பேசுவேன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்றைக்கு நான் அலுமினியம் ஆக்ஸைடைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆலைக்காரர்கள் அதை அலுமினா என்பார்கள். கல்லூரியில் நான் படித்தது வேதியியல். பட்டம் வாங்கிய கையோடு வங்கித் தேர்வு எழுதி குமாஸ்தாவாகப் போய்விட்டேன். அதற்கப்புறம் எனக்குப் பழக்கமான விஞ்ஞானம் ஒன்றே ஒன்றுதான். பற்றும் வரவும் சரியாக இருக்க வேண்டும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பத்து ரூபாய் எங்கே போச்சுன்னு தேடணும். இந்தப் பொருளையும் அப்படித்தான் தேடிப் பார்த்தேன்.

ஏன் தேடணும்? சுரங்கம் வருது, ஆலை வருது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள். மேஜை மேல் நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு அறிக்கை இருக்கும். நம்ம ஆட்கள் எழுந்து "எங்க நிலம் போகுது, தண்ணி போகுது" என்று சொன்னால், "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க, இது டெக்னிக்கல் விஷயம்" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். நம்ம படித்த பிள்ளைகளும் அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். அந்த டெக்னிக்கல் விஷயத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதற்குள்ளேயே நம்முடைய கேள்வி இருக்கிறது.

எங்க வீட்டுச் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவிடம் ஒரு பழைய சோத்துக் குண்டான் இருந்தது. ஊரில் அதை ஈயக் குண்டான் என்போம். அதில் ஈயமே கிடையாது, அத்தனையும் அலுமினியம். அம்மா அதைச் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்ப்பாள், பளபளன்னு வரும். கொஞ்ச நாளில் மங்கிப்போகும். ஆனால் இரும்புச் சட்டி மாதிரி ஓட்டை விழாது. ஏன்?

அலுமினியம் காற்றில் பட்ட மறுநொடியே ஆக்ஸிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு சில பங்குதான் அந்தத் தோலின் கனம். அதுதான் அலுமினியம் ஆக்ஸைடு. இரும்பின் துரு பொரிந்து உதிரும், உள்ளே இருக்கிற இரும்பை அடுத்த துருவுக்குத் திறந்துவிடும். இந்தத் தோல் உதிராது. கீறினால் உடனே மூடிக்கொள்ளும். ஆக, நாம் தட்டு, டம்ளர் என்று தொடுவதெல்லாம் உண்மையில் ஆக்ஸைடைத்தான். இந்தத் தோலையே கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கனமாக்கி, சாயமும் ஏற்றி, ஜன்னல் சட்டம் செய்கிறார்கள். ஆனோடைசிங் என்பது அதுதான்.

இன்னொரு குணம் முக்கியமானது. இந்த ஆக்ஸைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். புளி அமிலம், சாம்பல் காரம். பள்ளிக்கூடத்தில் 'ஈரியல்பு ஆக்ஸைடு' என்று மனப்பாடம் பண்ணினோமே, அதைத்தான் அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். உலகத்தின் பெரும்பாலான அலுமினா ஆலைகள் நிற்பது இந்தக் குணத்தின் மேல்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில், மண்ணில் இது எப்படி உண்டாகிறது? இரண்டு விதம். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமாக உருவாவது ஒன்று. அதன் பெயர் கொரண்டம். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கொரண்டம் என்ற பெயரே நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறைகளில் இன்றும் அது இருக்கிறது. உடனே மேடையில் 'உலகுக்கே பெயர் கொடுத்த தமிழன்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கல்லைத் தோண்டினது யாரு, சாணை பிடிச்சது யாரு? அகராதியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இரண்டாவது விதம் மழையால் உண்டாவது. வெப்ப நாடுகளில் மலை உச்சிப் பாறைமேல் லட்சக்கணக்கான வருஷம் மழை பெய்கிறது. சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ், சிலிக்கா எல்லாவற்றையும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் மலைக்குத் தொப்பி போட்ட மாதிரி மேலே தங்கிவிடுகின்றன. அந்தச் செம்மண் கல்தான் பாக்சைட். 1821இல் தெற்குப் பிரான்சில் லே போ என்ற ஊருக்குப் பக்கத்தில் பெர்த்தியே என்பவர் கண்டறிந்து சொன்னதால் இந்தப் பெயர். பாக்சைட் பொறுபொறுன்னு இருக்கும். மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் அடிவாரத்து ஓடைகளுக்குக் கசியவிடும். இதை மறந்துடாதீங்க.

இப்போது ஆலைக்கு வருவோம். 1880களின் கடைசியில் கார்ல் யோசெப் பேயர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் ரஷ்யாவில் வேலை பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது துணிக்குச் சாயம் பிடிக்கவைக்கும் அலுமினா. பாக்சைட்டை அரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில், அழுத்தத்தில், நல்ல சூட்டில் வேகவைத்தார். அலுமினியச் சேர்மம் கரைந்தது. இரும்பு கரையவில்லை. அம்மாவின் சாம்பல் வேலைதான், பெரிய கொப்பரையில். கரைந்ததை வடிகட்டி, ஆறவைத்து, பழைய படிகத்தைக் கொஞ்சம் விதையாகப் போட்டால் வெள்ளையாகத் திரிந்து கீழே இறங்குகிறது. அதை 1000 டிகிரிக்கு மேல் வறுத்தால் உள்ளே கட்டுண்ட நீர் போய், சீனி மாதிரி வெள்ளைப் பொடி கிடைக்கிறது. அதுதான் அலுமினா.

அதற்குக் கொஞ்சம் முன்னே, 1886இல், அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ என்று இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, அலுமினாவைக் கிரையோலைட் என்ற உப்பின் உருகலில் கரைத்து மின்சாரம் பாய்ச்சி அலுமினியம் பிரிக்க வழி கண்டார்கள். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்தது அலுமினிய முனை. அன்றைக்கு அது வெள்ளிக்குச் சமமான உலோகம். இந்த இரண்டு முறையும் சேர்ந்த பிறகுதான் அது நம்ம வீட்டுக் குண்டான் ஆனது.

சரி, பேரேட்டைத் திறப்போம். வரவுப் பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உலகத்தில் ஆகும் அலுமினாவில் பத்தில் ஒன்பது பங்கு அலுமினியம் ஆகிறது. மின்கம்பி, பஸ் பாடி, விமானம், பாத்திரம். மிச்சம் ஒரு பங்கு போகிற இடங்களைப் பாருங்கள். மின்வில் உலையில் உருக்கி உடைத்தால் பட்டறையில் சுற்றுகிற கிரைண்டிங் வீல், தச்சர் கையிலிருக்கிற உப்புத்தாள். உருகுநிலை 2000 டிகிரிக்கு மேல் என்பதால் இரும்பு உலைக்குள் அடுக்குகிற செங்கல். பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் தெரிகிற வெள்ளைப் பீங்கான். தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கிற பந்து. 1902இல் வெர்னாய் என்பவர் அலுமினாப் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்து காட்டினார். 1960இல் மைமன் என்பவர் உலகின் முதல் லேசரை உண்டாக்கியது அப்படிப்பட்ட மாணிக்கக் கம்பியில்தான். நம்ம எல்.இ.டி. பல்புகள் பலவும் செயற்கை நீலக்கல் தகட்டின்மேல் வளர்க்கப்பட்டவை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஏறிப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்கள் உண்டு. அந்த ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிகளில் ஒரு வகைக்குள் இருப்பதும் இதே அலுமினாதான். ஆகவே 'அலுமினாவே வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய்.

இப்போது பற்றுப் பக்கம். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் இரண்டு டன் அலுமினா வேண்டும். கணக்கு எளிது. 102 கிராம் ஆக்ஸைடில் 54 கிராம்தான் அலுமினியம், மீதி 48 ஆக்ஸிஜன். அந்த இரண்டு டன் அலுமினாவுக்கு நாலு, ஐந்து டன் பாக்சைட். மின்சாரம் சுமார் 14,000 யூனிட். மாதம் 100 யூனிட் எரிக்கிற வீடு பதினோரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிடலாம். 200 கிராம் தட்டு ஒன்றுக்கு ஒரு கிலோ அளவுக்கு மலை வெட்டவேண்டியிருக்கிறது.

ஐந்து டன் போட்டு இரண்டு டன் எடுத்தால் மீதி? கொஞ்சம் நீராவியாகப் போகிறது. மற்றது அந்தக் கரையாத இரும்பு, சிலிக்கா, டைட்டானியம், கூடவே ஒட்டியிருக்கிற காஸ்டிக் சோடா. இதன் பெயர் சிவப்புச் சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன். உலகம் முழுவதும் வருஷத்துக்கு 15 கோடி டன்னுக்கு மேல். சிமெண்டிலும் செங்கல்லிலும் கொஞ்சம் சேர்க்கிறார்கள், அது மொத்தத்தில் சிறு பங்கு. மற்றதைக் கரைகட்டிக் குட்டையாகத் தேக்கி வைக்கிறார்கள். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் ஆய்கா என்ற ஊரில் அப்படி ஒரு குட்டையின் கரை உடைந்தது. கொலொன்தார், தெவெசர் என்ற கீழ்ப்பக்கத்து ஊர்களுக்குள் சேறு புகுந்து பத்துப் பேர் செத்தார்கள். தண்ணீரில் மூழ்கியது மட்டுமில்லை, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரம் பட்டுத் தோல் வெந்தது. ஐரோப்பாவிலேயே இப்படி.

நம்ம பக்கமும் உண்டு. மேட்டூரில் 1960களில் ஆலை வந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அங்கே போனது. இரண்டுமே மலையாளிப் பழங்குடிகள் வாழ்கிற மலைகள். 2008இல் அந்தச் சுரங்கமும் உலையும் நின்றன. நாற்பது வருஷத்துச் சிவப்புச் சேறு மட்டும் மேட்டூரிலேயே தங்கிவிட்டது. லாபக் கணக்கு முடிந்தாலும் சேற்றுக் கணக்கு முடிவதில்லை.

ஒடிசாவுக்கு வாங்க. 2000 டிசம்பர் 16 அன்று காசிப்பூர் பகுதியின் மைக்கஞ்ச் கிராமத்தில், அலுமினாத் திட்டத்தை எதிர்த்த ஆதிவாசிகள்மேல் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். பிறகு நியமகிரி. வேதாந்தா கம்பெனி காளஹந்தி மாவட்டம் லாஞ்சிகரில் மலையடிவாரத்தில் முதலில் அலுமினா ஆலையைக் கட்டிவிட்டது. அப்புறம் மேலே இருக்கிற பாக்சைட் வேண்டும் என்றது. ஆலை கட்டியாச்சு, இனி மலையைக் கொடுக்காம எப்படி என்கிற தந்திரம்தான். மலைமேல் இருப்பவர்கள் டோங்ரியா கோண்டுகள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்தச் சபைகள் கூடின. 12 ஊரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கச் சொன்னது மத உரிமையை. மலை நியமராஜாவின் இருப்பிடம் என்பதை. பகுத்தறிவு பேசி வளர்ந்த நமக்கு, 'சாமி பேரைச் சொன்னாத்தான் மலை பொழைக்குமா' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் சபைகளில் சாமியோடு சேர்த்து ஓடையையும் பயிரையும் பற்றித்தான் பேசினார்கள். மறந்துடாதீங்கன்னு சொன்னேனே, பாக்சைட் தொப்பி தண்ணியைப் பிடித்து வைக்கிறது என்று, அந்த விஞ்ஞானத்தைத்தான் அவர்கள் நியமராஜா என்ற பெயரில் பேசினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். தப்பாக இருந்தால் விவாதத்தில் சொல்லுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். வருஷத்துக்கு எத்தனை டன் கல், எத்தனை டன் பொடி, மிச்சம் எத்தனை டன்? அதை எங்கே கொட்டுவீர்கள்? அதில் காரம் எவ்வளவு? கரைக்குக் கீழே எந்த ஊர், எந்தக் கிணறு? ஆலை மூடிய பிறகு அதற்கு யார் பொறுப்பு? இந்த ஐந்து கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் அந்தக் குண்டான் அடி நசுங்கிப் போனதும், 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கத்திக்கொண்டு வந்தவரிடம் போட்டுவிட்டோம். பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். மலையும் வெட்ட வேண்டாம், சேறும் இல்லை. குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துக் கொடுக்கிறவர்களின் கூலி எவ்வளவு, அவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியின் வரவிலும் அவர்கள் பெயர் கிடையாது. நம்ம கணக்கிலாவது எழுதுவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.