மைக்கை அணைக்க வேண்டியவள் அவள் அல்ல



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு வாதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "வீடியோ கேம் ஸ்ட்ரீமிங்கில் பெண்களை யாரும் தடுக்கவில்லை. ஒரு போன், ஒரு மைக், ஒரு கணக்கு, அவ்வளவுதான். விருப்பம் இருக்கிறவர்கள் வரட்டும்" என்றார். பலர் கைதட்டினீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவளை என்ன செய்தீர்கள்? அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

தென்கொரியாவில் கிம் செ-யோன் என்றொரு பெண். ஆட்டக்களத்தில் அவருக்குப் பெயர் கெகுரி. 2016-ல் ஓவர்வாட்ச் என்ற கேம் வெளிவந்த புதிதில் அவருக்கு 17 வயது. ஜார்யா என்கிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் குறிவைத்த துல்லியத்தைப் பார்த்த எதிரணிக்காரர்கள், இது மனிதக் கை செய்கிற வேலை இல்லை, ஹேக் போட்டிருக்கிறாள் என்றார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருவர், அவள் நேர்மையாகத்தான் ஆடினாள் என்று நிரூபணமானால் நாங்கள் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று சவால் விட்டார்கள். மிரட்டல்களும் வந்தன. அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று ஆட்டத்தை வெளியிட்ட ப்ளிஸார்ட் நிறுவனம் சொன்னது. அந்தப் பெண் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, மவுஸையும் கீபோர்டையும் பிடித்த தன் கைகளுக்கு நேராகக் கேமராவைத் திருப்பி வைத்து, உலகம் பார்க்க நேரலையில் ஆடிக் காட்டினார். 2018-ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார்.

இதை வெற்றிக் கதை என்று பலர் சொல்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைகள் தன்னுடையவைதான் என்று சாட்சி சொல்ல வேண்டி வந்தது எப்படி வெற்றியாகும்? அந்த அளவுக்குத் திறமை இல்லாத பெண்ணின் கதி என்ன? சுமாராக ஆடுகிற ஆண்கள் லட்சக்கணக்கில் ஸ்ட்ரீம் செய்கிறார்கள். தோற்றுக்கொண்டே கலகலப்பாகப் பேசுகிறவருக்கும் கூட்டம் கூடுகிறது, கூடட்டும், விளையாட்டு என்பதே அதற்குத்தான். ஆனால் ஒரு பெண் ஒரு ரவுண்டு தோற்றால் "பொண்ணுங்க ஆடினா இப்படித்தான்". ஜெயித்தால் "பாய்ஃபிரண்டு ஆடித் தர்றான்". சுமாராக ஆடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும் உரிமை ஆணுக்கு மட்டும் எழுதி வைத்ததா?

ஒரு பெண் லைவ் போட்டால் என்ன நடக்கிறது என்று இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர்கள் பலருக்குத் தெரியாது. மைக்கில் குரல் கேட்ட பத்தாவது நொடியில், "பொண்ணா? எந்த ஊரு? இன்ஸ்டா ஐடி குடு." கொடுக்காவிட்டால் வசவு. சாட்டில் ஓடுவதை நான் இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஐம்பது ரூபாய் சூப்பர் சாட் போட்டு, சேர்த்துப் படித்தால் ஆபாசமாக ஒலிக்கிற ஒரு பெயரை அதில் எழுதி, அவள் வாயாலேயே அதைச் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். அவள் விளையாட வேண்டும், பேச வேண்டும், சாட்டைப் படிக்க வேண்டும், சிரித்த முகம் மாறாமல் இந்தக் குப்பையையும் அள்ளிக் கொட்ட வேண்டும். பக்கத்து அறையில் ஸ்ட்ரீம் செய்யும் அவளுடைய தம்பிக்கு முதல் மூன்று வேலைகள்தான். நான்காவதற்கு அவளுக்கு யாரும் கூலி தருவதில்லை.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "இன்டர்நெட்னா அப்படித்தாங்க. யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்தப் பதிலை உடைக்காமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. முடியாது என்று சொன்னவர்கள், முடியும் என்று தாங்களே காட்டிய சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

2021-ஆம் ஆண்டு. அமேசானுக்குச் சொந்தமான ட்விட்ச் தளம், கேம் ஸ்ட்ரீமிங்கின் தலைநகரம். அங்கே ரெய்டு என்று ஒரு வசதி உண்டு. என் ஒளிபரப்பை முடிக்கும்போது என் பார்வையாளர்களை அப்படியே உங்கள் சேனலுக்கு அனுப்பி வைக்கலாம். நட்புக்காக உண்டாக்கிய வசதி. அந்த ஆண்டு மே மாதம், கறுப்பினத்தவர், திருநர், மாற்றுத்திறனாளி என்று ஸ்ட்ரீமர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ள 350-க்கும் மேற்பட்ட குறிச்சொற்களைத் தளம் சேர்த்தது. தாக்க நினைத்தவர்களுக்கு அதுவே முகவரிப் பட்டியல் ஆயிற்று. நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளை ஒரே நேரத்தில் ஏவி, கறுப்பினத்தவர், திருநர், பெண்கள் ஆகியோருடைய சாட்டை வசைகளால் நிரப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வாரக்கணக்கில் புகார் சொல்லிப் பார்த்தார்கள். வேகமாக எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு நாள் ட்விட்சில் ஸ்ட்ரீம் செய்ய மாட்டோம், பார்க்கவும் மாட்டோம் என்று அறிவித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தாக்கியவர்கள் மீது தளம் வழக்குப் போட்டது. செப்டம்பர் 29-ல், போன் எண்ணைச் சரிபார்த்தவர்கள் மட்டுமே தன் சாட்டில் எழுதலாம் என்று ஸ்ட்ரீமர் நிபந்தனை வைக்கும் வசதி வந்தது.

வேலைநிறுத்தத்துக்கும் அந்த வசதிக்கும் நடுவே 28 நாள். போன் எண்ணைச் சரிபார்ப்பது என்ன, புதிய விஞ்ஞானமா? நம் ஊரில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாலே ஓடிபி வருகிறது. அதைச் செய்ய அந்த நிறுவனத்தால் எப்போதும் முடிந்திருக்கும்.

அதற்கும் ஓராண்டுக்கு முன், 2020 அக்டோபரில், இசை நிறுவனங்கள் பதிப்புரிமைப் புகார்களைக் குவித்தபோது இதே தளம் என்ன செய்தது? ஆயிரக்கணக்கான பழைய வீடியோக்களை அழித்துவிட்டு ஸ்ட்ரீமர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. யூடியூபில் ஒரு சினிமாப் பாட்டைச் சில விநாடி ஓட விட்டுப் பாருங்கள், இயந்திரமே கண்டுபிடித்துவிடும். பாட்டின் சொந்தக்காரனுக்குக் கிடைக்கிற காவல், பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. பாட்டுக்காரன் நஷ்ட ஈடு கேட்பான் என்ற பயம் இருக்கிறது. பெண் என்ன செய்வாள், அழுதுவிட்டு லைவை நிறுத்துவாள் என்ற நம்பிக்கை இருக்கிறது. தொழில்நுட்பம் தெரியாமல் நடப்பதல்ல இது. யார் பக்கம் நிற்பது என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

"பெண்களுக்குத்தான் சுலபம், முகத்தைக் காட்டினால் பணம் கொட்டுகிறது" என்பார்கள். 2021 அக்டோபரில் ட்விட்சின் உள்கணக்குகள் கசிந்து, யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற பட்டியல் வெளிவந்தது. அதிகம் சம்பாதித்த முதல் 100 பேரில் பெண்கள் மூன்றே பேர் என்று செய்தி வந்தது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஆடுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள் என்று அந்தத் துறையின் சங்கமே ஆண்டுதோறும் சொல்கிறது. பணம் கொட்டுகிற இடம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கொடுமைக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் ஓர் அமெரிக்க ஸ்ட்ரீமர் நேரலையில் இருந்தபோது, அவர் திறந்து வைத்திருந்த ஒரு பக்கம் திரையில் தெரிந்துவிட்டது. பெண் ஸ்ட்ரீமர்களின் முகங்களை வேறு உடல்களில் ஒட்டிச் செய்த ஆபாச வீடியோக்களை விற்கும் தளம் அது. அதில் இருந்த பெண்கள் அவருடன் வேலை செய்தவர்கள், அவருக்கு அறிமுகமானவர்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்களில் ஒருவரான க்யூடி சின்ட்ரெல்லா நேரலைக்கு வந்து, கண்ணீரோடு, இந்த அவமானம் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குச் சொன்னார்.

அமெரிக்கா தூரம் என்று நினைக்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலிருந்து வந்தவர் பாயல் தாரே. பாயல் கேமிங் என்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். 2024-ல் மொபைல் கேமிங்குக்கான மோபீஸ் விருதை, அந்த ஆண்டின் சிறந்த மொபைல் ஸ்ட்ரீமராக வென்றவர். ஒரு சிறிய ஊரிலிருந்து போன உழைப்பு அது. 2025 டிசம்பரில் அவருடையது என்று சொல்லி ஓர் ஆபாச வீடியோ பரவியது. அது நான் அல்ல என்று அவர் ஊர் அறிய அறிக்கை விட வேண்டி வந்தது. அந்த வாரம் சமூக ஊடகங்களில் எத்தனை ஆண்கள் கேட்டார்கள், "லிங்க் இருக்கா?" என்று! வீடியோவைச் செய்தவன் ஒருவனாக இருக்கலாம், சிலராக இருக்கலாம். லிங்க் கேட்டவர்கள் அதற்குச் சந்தையை உண்டாக்கினார்கள். தம்பிகளே, உங்களில் கேட்டவர்கள் இருப்பீர்கள். பெயர் சொல்லச் சொல்லவில்லை. கேட்டவன் வேடிக்கை பார்த்தவன் ஆகமாட்டான், அந்தக் குற்றத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. 2021 ஜூனில் ஒரு பப்ஜி யூடியூபரைத் தருமபுரியில் போலீஸ் கைது செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டத்தை ஒளிபரப்பிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது புகார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பல லட்சம், அதில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். கைதானபோது எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனால் அந்தப் பேச்சைக் காது குளிரக் கேட்டு, பணமும் அனுப்பிய கூட்டம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. வேறு சேனல்களுக்கு நகர்ந்தது. கேம் ஆடுவது என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று 13 வயதில் கற்றுக்கொண்ட பையனுக்கு இன்று வாக்குரிமை வந்திருக்கும். அவனைக் கைது செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு வேறு பேச்சைக் கற்றுக்கொடுக்காமல் விட்டோமே, அது யார் பொறுப்பு?

"அப்படித்தான்" என்ற சொல்லை இந்த மாநிலம் ஒரு முறை தூக்கி எறிந்திருக்கிறது. 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், இளைஞர்கள் சிலர் செய்த தொல்லையில் உயிரிழந்தார். அதற்கு முன் வரை, ரோடு என்றால் கிண்டல் இருக்கத்தான் செய்யும், பெண்கள்தான் பார்த்துப் போக வேண்டும் என்று பேசியவர்கள் நாம்தான். கிண்டலுக்கு எதிராக அந்த ஆண்டே சட்டம் வந்தது. கிண்டல் ஒழிந்துவிட்டதா? இல்லை. ஆனால் அது விளையாட்டு என்று பொதுமேடையில் சொல்ல இன்று எவனுக்கும் துணிவில்லை. தெருவில் குற்றமாகிவிட்டது திரையில் மட்டும் ஏன் கலாட்டாவாக இருக்க வேண்டும்?

திரையில் தொடங்குவது திரையோடு நிற்பதும் இல்லை. 2025 மார்ச்சில், கலிபோர்னியாவின் சான்டா மோனிக்காவில் பொது இடத்தில் ஒளிபரப்பிக்கொண்டிருந்த வால்கிரே, எமிரு, சின்னா என்ற மூன்று பெண்களை ஒருவன் பின்தொடர்ந்து வந்து கொல்வேன் என்று மிரட்டினான். பல நாள் நடக்க வேண்டிய ஒளிபரப்பைப் பாதியில் முடித்துக்கொண்டார்கள். அதே எமிரு அக்டோபரில் சான் டியாகோவில் ட்விட்ச் நிறுவனமே நடத்திய விழாவில் ரசிகர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் தடுப்புகளைக் கடந்து வந்து அவரைப் பிடித்து முத்தமிட முயன்றான். தடுத்தது தன் சொந்தப் பாதுகாவலர்தான், விழாப் பாதுகாப்பு அவனை நடந்துபோக விட்டுவிட்டது என்று எமிரு வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத்தின் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். உங்கள் கூடத்துக்கு நீங்கள் அழைத்த விருந்தாளி அவர். அவரைக் காக்க அவரே ஆள் கூட்டி வர வேண்டுமா?

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "வேண்டாம்மா, விட்டுடு" என்று மகளிடம் சொல்லத் தோன்றும். பயம் எனக்குப் புரிகிறது. இந்த அரங்கிலேயே ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்து ஆடுகிற பெண்கள் இருக்கிறீர்கள். அணியினரிடம் எதிரி எங்கே என்று சொல்ல முடியாமல், அதனாலேயே தோற்று, அதற்கும் வசவு வாங்குகிறீர்கள். அப்படி அணைத்த மைக் ஒவ்வொன்றும் வசைபாடியவனுக்கு நாம் எழுதிக் கொடுத்த வெற்றி. பெற்றோர்களே, மகளை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இணையவழியாகப் பின்தொடர்ந்து தொல்லை தருவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. உருவத்தை ஒட்டிச் செய்த ஆபாசத்தைப் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் விதி; 2021-ல் விதி வந்தபோது அந்தக் கெடு 24 மணி நேரமாக இருந்தது. காவல் நிலையத்தில் "நீ ஏம்மா கேம் ஆடுன?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். கூடவே நாங்களும் வருகிறோம்.

கடைசியாக, கல்லூரி விழாக்களில் கேமிங் போட்டி நடத்தும் மாணவர் மன்றத்துத் தம்பி தங்கைகளே. உங்கள் போட்டிகளின் விதித்தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஹேக் போட்டால் வெளியேற்றம். எமுலேட்டரில் ஆடினால் வெளியேற்றம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வெளியேற்றம். சக ஆட்டக்காரியை ஆபாசமாகப் பேசினால் என்ன என்று ஒரு வரி கிடையாது. லைவ் சாட்டைக் கவனிக்க யார் என்றும் கிடையாது. அந்த இரண்டு வரிகளையும் சேருங்கள். முதல் முறையே வெளியேற்றம், எச்சரிக்கை கிடையாது, பரிசுப் பணம் போகும், அணி முழுவதும் போகும் என்று எழுதுங்கள். சாட்டுக்கு இரண்டு மாடரேட்டர்களை, அதில் ஒரு பெண்ணை, போட்டி தொடங்கும் முன்பே நியமியுங்கள். அடுத்த விழாவின் விதித்தாள் யார் கையில் இருக்கிறதோ, அவர் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.