பேசாத புத்தகசாலை
(பச்சைமலை அடிவாரத்துக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மலைமேல் மரவள்ளி பயிரிடுகிறவர்களுக்குப் புத்தகசாலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நீங்கள் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தினால் ஏற்பட்ட வரி அது. பணம் கொடுத்தவர்கள் பண்டத்தைக் கேட்பதில் என்ன தவறு?

படிக்கக் கூடாது, காதால் கேட்கவும் கூடாது என்று பெரும்பாலான ஜனங்களைத் தள்ளி வைத்திருந்த நாடு இது. ஆகையால் பிறப்பைக் கேளாமல் அறிவைக் கொடுக்கும் இடம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. 1931-ல் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டுமென்பது அவற்றிலொன்று. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். ஜனங்கள் வரட்டுமென்று அலமாரி காத்திருக்கவில்லை. அலமாரியே ஜனங்களிடம் போயிற்று.

இன்று அந்த வண்டி செய்த வேலையில் பாதியைக் கைப்பேசி செய்யக்கூடும். ஆனால் பல நூலகங்களின் முகநூல் பக்கத்தில் நாம் காண்பதென்ன? திறப்பு விழா, மாலை, பொன்னாடை! இது சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதேயன்றிப் பேசுவதாகாது. கேட்பவருக்குப் பதில் சொல்வதல்லவா பேச்சு? தென்பரநாட்டிலுள்ள ஒரு பெண் தனக்கு வேண்டிய புத்தகத்தை வாட்ஸ்அப்பில் குரலாகவே பதிந்து கேட்டால், அது எந்தக் கிளையில் இருக்கிறது, எப்போது கிடைக்கும் என்று மறுநாள் விடை போக வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை, மனமிருந்தால் போதும்.

வாசகர் கேட்பது மட்டுமல்ல, உழைக்கவும் கூடும். விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில், அரசாங்கம் நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவற்றின் அச்சுப் பக்கம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் இருக்கும். ஒருவர் ஒப்பிட்டுப் பிழை திருத்தினால் அப்பக்கத்துக்கு மஞ்சள் அடையாளம். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. பண்டிதர் பட்டத்தையோ குலத்தையோ அங்கு யாரும் கேட்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

இன்னொரு சங்கதி. 'இந்தக் கார்டை எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி வரும்' என்று தபாலில் வந்த புரட்டு இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. மெய்யோ அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. 'இது உண்மையா?' என்று ஒருவர் கேட்டால், 'இந்தப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தைப் பார்' என்று காட்ட நூலகரைவிடத் தகுந்தவர் யார்?

கைப்பேசி எல்லோரிடமும் இல்லையே, மலையில் சிக்னல் எட்டாத இடமுமுண்டே என்பீர்கள். நியாயந்தான். அதனால்தான் கைப்பேசி வந்துவிட்டதென்று கட்டடத்தையோ நூலகரையோ குறைக்க நாம் சம்மதிக்கக் கூடாதென்கிறோம். கேள்வி கைப்பேசியில் போகட்டும்; புத்தகம் மலையேறி வரட்டும்.

ஆகவே, தோழர்களே! உங்கள் கிளை நூலகத்துக்குச் சென்று மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் கேள்வியை எந்த எண்ணுக்கு அனுப்புவது? யார் பதில் சொல்வார்? எத்தனை நாளில் சொல்வார்? பதில் வரும்வரை கேளுங்கள். வரி கட்டியவர்கள் கேட்பது யாசகமல்ல.