பள்ளிக் கதவு திறக்கும் முன்

(கேரளத்தில் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்படவிருந்த நிலையில், மூணாறு தோட்டப் பகுதியில் 2021 அக்டோபரில் நடைபெற்ற தமிழ் பேசும் கிளை உறுப்பினர்கள் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)

2020 மார்ச் 10 அன்று ஏழாம் வகுப்பு வரையிலான வகுப்புகளை நிறுத்துவது என்று கேரள அரசு முடிவெடுத்தது. மாத இறுதியில் நிலைமை சீராகிவிடும் என்றே அன்று பலரும் எண்ணினோம். பத்தொன்பது மாதங்கள் கடந்துவிட்டன. சென்ற ஆண்டு முதல் வகுப்பில் பெயர் பதிவு செய்த குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. ஆனால் அது ஒரு நாள்கூட வகுப்பறையில் அமர்ந்ததில்லை. ஆசிரியரின் முகத்தைத் திரையில்தான் பார்த்திருக்கிறது. திரை இல்லாத வீட்டில் அதையும் பார்த்ததில்லை. நவம்பர் 1 அன்று நம் பள்ளிகளுக்கு வரப்போவது இரண்டு முதல் வகுப்புகள் என்று கொள்வதே சரி.

இடது ஜனநாயக முன்னணி அரசு நம் குழந்தைகளைக் கைவிட்டுவிடவில்லை. 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் நடைபெற்றன. தமிழ் வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. இது பெருமைக்குரியது. ஆயினும் உள்ளதை உள்ளபடி பேசுவோம். அலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் பாறையைத் தேடிப் பிள்ளைகள் மலை ஏறிய கதை இங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியும் தந்தையுடன் வேலைக்குப் போய்விட்டால் அன்றைய வகுப்பும் அதனுடனேயே போய்விடும்.

நாடு முழுவதற்குமான நிலை இதைவிடக் கொடியது. ஜான் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் கடந்த ஆகஸ்டில், 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு வெளிவந்துள்ளது. கிராமப்புறக் குழந்தைகளில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. 37 விழுக்காட்டினர் எந்த வகையிலும் படிக்கவில்லை. அந்த ஆய்வில் கேரளம் இடம்பெறவில்லை. ஆனால் நம் தோட்டங்களுக்கு வேலை தேடி வரும் குடும்பங்களின் ஜார்க்கண்டும் அசாமும் அதில் இடம்பெற்றுள்ளன. அக்குடும்பங்களின் குழந்தைகள் இன்று நம் லயங்களில் வாழ்கிறார்கள். அவர்களும் நம் பள்ளிகளின் பிள்ளைகளே.

தோழர்களே, பள்ளி திறப்பதை வரவேற்கிறோம் என்று தீர்மானம் போடுவது எளிது. ஆனால் லயத்து வாசலில் ஒரு தாய் நம்மைப் பார்த்து, “என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்களா பொறுப்பு?” என்று கேட்கும்போது என்ன சொல்லப் போகிறோம்? சென்ற வாரம் என்னிடம் ஒரு தாய் இப்படித்தான் கேட்டார். ஒரே அறையில் மாமியார், கணவர், இரண்டு குழந்தைகள். மாமியாருக்கு ஆஸ்துமா. “பிள்ளை கொண்டுவந்தால் இவரை எங்கே தனியாகப் படுக்க வைப்பேன்?” என்றார். அவருக்கு அறிவியல் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கேட்டது தொற்றைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக ஓரறை வீட்டில் தொழிலாளியை வைத்திருக்கும் தோட்ட முறையைப் பற்றிய கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

எனவே அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். அதற்கு உண்மைகளைக் கொண்டு விடை சொல்லுங்கள். நாட்டின் அன்றாடத் தொற்றில் பெரும்பகுதி இன்னும் கேரளத்திலேயே பதிவாகிறது. இதை மறைக்கக் கூடாது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. அதே நேரத்தில், கேரளத்தில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் தவணை தடுப்பூசி பெற்றுவிட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கடந்த ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது தேசியக் குருதி ஆய்வில், 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பான்கள் காணப்பட்டன. பள்ளிகள் மூடியிருந்த காலத்திலேயே தொற்று வீடு வழியாகக் குழந்தைகளை அடைந்துவிட்டது என்பது இதன் பொருள். கதவைப் பூட்டி வைத்தது மட்டும் அவர்களைக் காக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் கேரளத்தின் ஒட்டுமொத்த அளவு 44.4 விழுக்காடு, நாட்டிலேயே குறைவு. நோய் அணுகாதவர்கள் இங்கு அதிகம் என்பதால் நமக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்கள் புரிந்துகொள்வார்கள்.

அரசின் வழிகாட்டுதல்கள் இந்த எச்சரிக்கையோடுதான் வகுக்கப்பட்டுள்ளன. முதலில் ஒன்று முதல் ஏழு வரையிலும், பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் திறக்கப்படும். மற்றவை நவம்பர் 15 முதல். மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுவர்; தொடக்கத்தில் நண்பகல் வரை மட்டுமே வகுப்பு; பெற்றோரின் ஒப்புதல் தேவை. ஆனால் சுற்றறிக்கை தானாகவே சுவரை வெள்ளையடிக்காது. அதைச் செய்ய மனிதர்கள் வேண்டும். கிளைகளின் முன் உள்ள பணிகளை இனிச் சொல்கிறேன்.

முதலாவது, வீடு வீடாகச் செல்வது. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகள் யார், யார் ஊர் திரும்பிவிட்டார்கள், யார் ஏலக்காட்டு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண் குழந்தைகள் யார் என்ற பட்டியல் ஒவ்வொரு கிளையிடமும் இருக்க வேண்டும். அந்த வீட்டில் தடுப்பூசி போடாத பெரியவர் இருந்தால் அவர் பெயரையும் குறியுங்கள். ஆஷா பணியாளரிடம் தெரிவியுங்கள். குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்வதே இன்று குழந்தைக்கான பாதுகாப்பு. இந்தப் பட்டியல் நம்மிடம் இதுவரை ஏன் இல்லை என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்த நாம், பள்ளியை விட்டு நழுவிய பிள்ளையின் பெயரை அறியாதிருந்தோம். இது என்னையும் சேர்த்த தற்குற்றச்சாட்டு.

இரண்டாவது, பள்ளிக் கட்டடம். 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் வகுப்பறையிலேயே பாம்பு கடித்து ஒரு மாணவி இறந்ததை மறந்துவிட வேண்டாம். நாள்தோறும் நடந்த பள்ளியிலேயே அந்த நிலை என்றால், பூட்டிக் கிடந்த பள்ளியில் எவ்வளவு கவனம் வேண்டும்! புதரை வெட்டுங்கள், தரையிலும் சுவரிலும் உள்ள பொந்துகளை அடையுங்கள், நீர்த்தொட்டியைக் கழுவுங்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். ஊராட்சியும் குடும்பஸ்ரீயும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் செய்யும் வேலையில் தோள் கொடுங்கள். அங்கே கொடி வேண்டாம். மாற்றுக் கட்சிப் பெற்றோரும் துடைப்பத்தோடு வரட்டும். பள்ளி எல்லோருக்கும் பொதுவானது.

மூன்றாவது, காற்று. இந்நோய் பெரிதும் காற்றின் வழியே பரவுகிறது. மேசையைப் பத்து முறை துடைப்பதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது முக்கியம். ஆனால் நம் மலையில் நவம்பரில் பனியும் குளிரும் வந்துவிடும். ஆசிரியர் இயல்பாகவே ஜன்னலைச் சாத்துவார். எனவே ஜன்னல் திறந்திருக்க வேண்டுமானால் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். இளைஞர், மாதர் அமைப்புத் தோழர்கள் இதை ஒரு இயக்கமாக எடுத்துச் செய்யுங்கள். சாப்பிடும்போது முகக்கவசம் கழற்றப்படும். அந்த நேரத்தில் குழந்தைகளைத் திண்ணையிலும் மைதானத்திலும் தள்ளித் தள்ளி அமர்த்த ஆள் வேண்டும். மதிய உணவு சலுகை அன்று; 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

நான்காவது, குழந்தையின் மனம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நிலச்சரிவு எழுபது உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு நம் குழந்தைகள் பள்ளியில் ஒன்றாக அமர்ந்து அழக்கூட வாய்க்கவில்லை. நோய்த்தொற்றில் தாத்தாவை, தந்தையை இழந்த பிள்ளைகளும் வருவார்கள். முதல் நாளிலேயே தேர்வு வைத்து, “எல்லாவற்றையும் மறந்துவிட்டாயே” என்று சொல்லிவிடாதீர்கள் என ஆசிரியத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் பேசட்டும், பாடட்டும், வரையட்டும். எழுத்து மறந்த குழந்தையை மந்தம் என்று முத்திரை குத்தினால் அது அடுத்த வாரமே ஏலக்காட்டுக்குப் போய்விடும்.

ஐந்தாவது, தொற்று வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வரும் என்று எண்ணியே ஆயத்தமாகுங்கள். யார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பது, எந்த ஜீப் கொண்டு செல்வது, ஓரறை வீட்டில் உள்ள முதியவரை எங்கே தங்க வைப்பது ஆகியவற்றை எழுதி வையுங்கள். நிர்வாகத்திடம் காலியாக உள்ள குடியிருப்புகளைக் கேட்டுப் பெறுவது தொழிற்சங்கத்தின் வேலை. நோய் வந்த குழந்தையின் வீட்டை ஒதுக்கி வைக்கும் பேச்சு எழுந்தால், அந்த வீட்டுக்கு முதலில் அரிசி கொண்டு செல்பவர் நம் உறுப்பினராக இருக்க வேண்டும்.

இவற்றோடு அரசியல் கடமையும் உண்டு. குழந்தைகள் பள்ளியை இழந்த ஆண்டில் ஒன்றிய அரசு என்ன செய்தது? 2020-21 நிதிநிலை அறிக்கையில் ரூ.59,845 கோடியாக இருந்த பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டை, 2021-22இல் ரூ.54,873 கோடியாகக் குறைத்தது. கல்விக்குத் தேசிய வருவாயில் 6 விழுக்காடு என்ற கோத்தாரி குழுவின் பரிந்துரை அரை நூற்றாண்டு கடந்தும் ஏட்டிலேயே கிடக்கிறது. இணையவழிக் கல்வியை நெருக்கடிக் காலத்துக் கைத்தடியாக ஏற்கலாம். பள்ளிக்கு மாற்றாக ஏற்க முடியாது. இதை நம் மாநில அரசிடமும் தயக்கமின்றிச் சொல்வோம்: தமிழ் வழிப் பள்ளிகளின் ஆசிரியர் காலியிடங்களை நிரப்ப வேண்டும், குழுக்களாகப் பிரித்தால் ஆசிரியர் தேவை கூடுமேயொழியக் குறையாது.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். “நாங்கள் பொறுப்பு” என்று வாயால் சொல்லிவிட்டு நான் வரவில்லை. மாமியாருக்கு இரண்டாம் தவணை ஊசி போட மறுநாள் ஜீப் ஏற்பாடு செய்தோம். பள்ளியைச் சுத்தம் செய்யும் நாளில் அவரையே அழைத்திருக்கிறோம். ஜன்னல்கள் திறக்கின்றனவா என்று அவரே பார்க்கட்டும். ஒப்புதல் கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. இட வேண்டும் என்று வற்புறுத்தவும் மாட்டோம். அவர் பார்த்துத் தெளிந்து இடும் கையெழுத்தே நமக்கு வேண்டும்.

நவம்பர் 1 காலையில் கொழுந்து கிள்ளப் போகும் முன் ஒவ்வொரு தோழரும் ஒரு குழந்தையையாவது பள்ளி வாசல் வரை அழைத்துச் செல்லுங்கள்.