இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

இயற்பியலையும் வானியலையும் பொது வாசகர்களுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஆராய இக்கருத்தரங்கு கூடியிருக்கிறது. கட்டுரை வாசிப்புக்கு முன், தலைமையுரையின் பங்காக ஒரே ஒரு கேள்வி: இரவு வானம் ஏன் இருட்டாக இருக்கிறது?

சூரியன் மறைந்துவிட்டது, அதனால்தான் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வானியலாளர் கெப்ளருக்கு அந்தப் பதில் போதவில்லை. விண்மீன்கள் எல்லையில்லாமல் பரவியிருந்தால் இரவிலும் வானம் ஒளிர வேண்டுமே என்று 1610இலேயே வாதிட்டார். ஆகவே பிரபஞ்சத்துக்கு எல்லை உண்டு என்பது அவர் முடிவு. ஜெர்மானிய மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸ் 1823இல் அதே கேள்வியைக் கையிலெடுத்தார். இன்று அது 'ஓல்பர்ஸ் முரண்' என்றே வழங்குகிறது.

கணக்கு எளிதுதான். ஒரு விண்மீன் இருமடங்கு தொலைவில் இருந்தால் நமக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்தத் தொலைவில், நம்மைச் சூழ்ந்த அதே தடிமனுள்ள அடுக்கில் விண்மீன்கள் நான்கு மடங்கு இருக்கும். ஆக, ஒவ்வோர் அடுக்கும் தருகிற மொத்த ஒளி ஒன்றே. பெரிய சவுக்குத் தோப்பின் நடுவே நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மரம் கண்ணை மறிக்கும் அல்லவா? அடுக்குகளுக்கு முடிவில்லை என்றால் எந்தத் திசையிலும் பார்வை ஒரு விண்மீனில்தான் போய் முட்டும். வானம் முழுவதும் தகிக்க வேண்டும்.

இடையிலுள்ள தூசு ஒளியை விழுங்கிவிடுகிறது என்றார் ஓல்பர்ஸ். கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் விழுங்கிய ஒளியால் அந்தத் தூசும் சூடேறிக் கடைசியில் தானே ஒளிரத் தொடங்கிவிடும் என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷல் மறுத்தார்.

சரியான வழியைக் காட்டியவர் ஓர் எழுத்தாளர். மிகத் தொலைவிலிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை என்று எட்கர் ஆலன் போ 1848இல் 'யுரேகா' நூலில் ஊகித்தார். 1901இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு அதைக் கணக்கிட்டே காட்டினார். ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். இன்றைய கணிப்பில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் வந்து சேர்ந்த ஒளி வானத்தை நிரப்பப் போதாது. பிரபஞ்சம் விரிவதால், வந்து சேரும் ஒளியும் மேலும் மங்குகிறது.

அப்படியானால் வானம் உண்மையில் இருட்டா? 1964இல் நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்கள் தங்கள் வானொலி ஆன்டெனாவில் ஓர் ஓயாத இரைச்சலைக் கண்டார்கள். உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுத்தம் செய்தும் இரைச்சல் போகவில்லை. அது ஆதிப் பிரபஞ்சத்தின் வெப்ப ஒளி. விரிவினால் அலைநீளம் நீண்டு இன்று நுண்ணலையாகியிருக்கிறது; கண்ணுக்குத்தான் வானம் இருட்டு. விண்வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் ஒளித்துகள்கள் ஏறத்தாழ 400 உள்ளன. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடையை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். தூசு என்ற பதில் ஏன் தோற்றது என்பதையும் எழுதுங்கள்; வாசகர் தாமே போட்டுப் பார்க்கும்படி அந்த நான்கு மடங்குக் கணக்கையும் கொடுங்கள்.