இடிமுகில் எழுமுன் பாயைச் சுருக்குக!



பாய்க்கலத்தைப் பற்றிப் பேச வந்தவன் பழம்பெருமை பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கூம்பு, இதை, மீகான் என்று முன்னோர் சொற்களை அடுக்கிக் கைதட்டல் வாங்குவது எளிது. யான் அதற்கு வரவில்லை. கோடையில் இடிமழை எழுந்து வருங்கால் ஒரு சிறு பாய்ப்படகை எங்ஙனம் அணியப்படுத்துவது என்னும் ஒன்றையே சொல்ல வந்தேன். (படகின் முன்பகுதிக்கும் நம் மீனவர் 'அணியம்' என்றே பெயர் வைத்துள்ளனர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!)

2011 சூலை 17-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி. சிக்காகோவிலிருந்து மாக்கினாக் தீவுக்கு 333 கல் தொலைவு செல்லும் போட்டியில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாய்ப்படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. இடிப்புயல் தாக்கிற்று. 'விங்நட்சு' என்னும் 35 அடிப் படகு தலைகீழாய்க் கவிழ்ந்தது. அதிலிருந்த எண்மருள் இருவர் மாண்டனர். அறுவரைச் 'சோசியபிள்' என்னும் மற்றொரு போட்டிப் படகினர் மீட்டனர். நீர்மட்டத்தில் ஒடுங்கி, மேலே இருபுறமும் இறக்கைபோல் விரிந்த அப் படகின் அமைப்பு அத்தகைய காற்றுக்கு ஏற்றதன்று என்று ஆய்ந்தோர் கூறினர். ஆகவே முதல் அணியம் கரையிலேயே தொடங்குகிறது. எந்தப் படகில் ஏறுகிறோம் என்பதே அது.

கோடை இடிமுகிலின் கொடுமை மழையன்று, காற்று. முகிலினின்று குளிர்ந்த காற்று கீழே கொட்டி, நீரின்மேல் நாற்புறமும் பரந்தோடி வருகிறது. மழை விழுமுன்னரே அது வந்துவிடும்; திசையையும் மாற்றிவிடும். அதற்குச் சற்றுமுன் காற்று அடங்கிப் பாய் தொங்குவதும் உண்டு. அவ்வமைதியைக் கண்டு ஏமாந்தோர் பலர்.

கணக்கொன்று கேளுங்கள். காற்றின் விரைவு இருமடங்கானால் பாயின்மேல் அதன் அழுத்தம் நான்மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 10 கடற்கல் காற்றில் இனிதாய் ஓடிய படகு, 30 கடற்கல் காற்றில் அதே பாயோடு நிற்க முடியுமா? ஆதலின் முன்பாயை முற்றும் இறக்கிக் கட்டுக. பெரும்பாயைச் சுருக்குக, அல்லது அதையும் இறக்கிக் கட்டுக. 'இன்னுஞ் சிறிது பார்ப்போம்' என்பவன் காற்று வந்தபின் நனைந்த பாயோடு மல்லாடுவான். சுருக்கலாமா என்னும் எண்ணம் தோன்றும் அந்நொடியே சுருக்கும் நொடி. புயல் வாராதொழியின் இழப்பென்ன? பாயை மீண்டும் விரிக்கும் சிறு உழைப்பே!

பாயைத் தொடுமுன் அனைவரும் மிதவைச் சட்டை அணிக. மேற்றளத்தில் நிற்போர் இடைவாரைப் படகோடு பிணைத்துக்கொள்க. தளக்கதவுகளை அடைத்து, உருளும் பொருள்களைக் கட்டிவைக்க. இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்க. மழை இறங்கியபின் கரையும் தெரியாது, பிற கலங்களும் தெரியா.

அடுத்து நெஞ்சை உலுக்கும் முடிவு. மனம் கரையை நோக்கியே ஓடும். புயலுக்குமுன் துறைக்குள் புகமுடியும் என்று உறுதியானாலன்றி ஓடற்க. கரையருகே சிக்கிய படகைக் காற்று பாறைமேல் ஏற்றிவிடும். அகன்ற நீர்ப்பரப்போ அலைக்கழிக்குமே அன்றி மோதி உடைக்காது. வீடு கண்ணுக்குத் தெரிய, அதற்கு முதுகு காட்டி விலகிச் செல்வதற்குத் துணிவு வேண்டும். தக்க காப்பிடத்தில் நங்கூரம் பாய்ச்சுவதாயின் வடத்தைத் தாராளமாய் விடுக. நீராழத்தையும் அணியத்தின் உயரத்தையும் கூட்டி அதற்கு ஏழு மடங்கேனும் வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணுக. மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டால் முகில் நம் தலைமேல் வந்ததாகவே கொள்க. அப்பொழுது கூம்பையும் அதைத் தாங்கும் கம்பிவடங்களையும் தொடலாகாது. நீரில் கைவைக்கவும் கூடாது. படகைச் செலுத்துபவர் தவிர ஏனையோர் உள்ளே சென்று தாழ அமர்க.

இறுதி இடி கேட்டபின் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். ஒரு முகிலின் பின்னே மற்றொன்று வரக்கூடும். பிறகு உட்புகுந்த நீரை இறைத்து, வடங்களைப் பார்த்து, பெரும்பாயை முதலிற் சுருக்கிய அளவிலேயே ஏற்றுக.