நகர வாயிலுக்கு வெளியே



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. பலியான விலங்குகளின் இரத்தம் தூயகத்துக்குள் கொண்டுபோகப்படும். உடல்களோ பாளையத்துக்கு வெளியே எரிக்கப்படும். அதுபோல இயேசுவும் நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார். ஆகவே நாமும் பாளையத்தைவிட்டு அவரிடம் போவோம் என்கிறார் ஆசிரியர். நகரம் தனக்கு வேண்டாததைக் கொண்டுபோய்ப் போடும் பக்கத்தில் ஆண்டவர் நிற்கிறார்.

கொழும்புக்கு அந்தப் பக்கம் மீதொட்டமுல்லையாக இருந்தது. 2017 ஏப்ரல் 14, பெரிய வெள்ளி. சித்திரைப் புத்தாண்டும் அன்றே. பிற்பகலில் குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்த மலை வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதில் என்ன இருந்தது? நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குமேல் சமையலறையிலிருந்து போவதுதான். மிஞ்சிய சோறு, மரக்கறித் தோல், மீன் செதில், தேங்காய்ச் சக்கை. இவற்றைப் பொலித்தீனோடு ஒரே பையில் கட்டிப் போட்டால் பசளையாகவும் ஆகாது, பிளாஸ்டிக்கையும் மீட்க முடியாது. குவிந்து, உக்கி, வாயு கிளப்பி, மழைநீரை உறிஞ்சிப் பாரமாகும். குப்பை அகற்றுவது மாநகர சபையின் வேலை என்பீர்கள். உண்மைதான்; கேட்கவேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பையைக் கட்டியது மாநகர சபை அல்ல.

மலை சரிந்தபின் கொழும்பு வீதிகளில் குப்பை தேங்கியது. அந்த ஆண்டு இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. மழையும் ஒரு காரணம். ஆனால் டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஒரு யோகட் கோப்பை, இளநீர்க் கோம்பை, பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைப் பீலி, இவற்றில் தேங்கும் தெளிந்த நீர் அதற்குப் போதும். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவே செல்லும். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டினால் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

நம் ஆலயத் திருவிழாவுக்கு மறுநாள் வளவைச் சுற்றிப் பாருங்கள். சர்பத் குடித்த கோப்பைகள் மதிலோரம் மல்லாந்து கிடக்கும். இரவில் ஒரு மழை பெய்தால் போதும். புனிதர் கோபித்துக்கொள்ளமாட்டார், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரும்.

இணைச்சட்டம் 23ஆம் அதிகாரத்தில், பாளையத்துக்கு வெளியே மலங்கழிக்கப் போகிறவன் தன் ஆயுதங்களோடு ஒரு கோலும் கொண்டுபோய், குழி தோண்டி மூடவேண்டும் என்று ஒரு கட்டளை. பாளையத்தின் நடுவே ஆண்டவர் உலாவுகிறாராம், அதனால். அந்தக் கோலை அடிமையின் கையிலோ ஏழையின் கையிலோ மோசே கொடுக்கவில்லை. அவனவன் கையில் கொடுத்தார்.

நம் குப்பையை மூடுவது யார்? விடியுமுன் லொறியோடு வரும் தொழிலாளி. பல நேரம் கையுறையும் இல்லாமல் நம் பையைப் பிரிக்கிறார். உள்ளே உடைந்த கண்ணாடி, நீரிழிவு நோயாளியின் ஊசி, சுற்றாமல் போட்ட அணையாடை.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. உக்குவதை ஒரு வாளியில், உக்காததை இன்னொன்றில் போடுங்கள். கண்ணாடியைப் பழைய பத்திரிகையில் தடிப்பாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடியை இறுக்கி, ஏற்பார்களா என்று உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். லொறி வரும்போது வாசலில் நின்று, எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவரிடமே சொல்லிக் கொடுங்கள்.